நேபாளத்துக்கு இரண்டு வார ஊழியப் பயணம்: வன்னியில் இருந்து நாங்கள் போகலாமா?

அக்கராயன்_பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன் பக்கம் எங்கள் சபை. சின்னச் சபைதான். எங்கள் போதகர் ஒரு பயிற்சிக்காக இந்தியாவுக்குப் போயிருந்தபோது நேபாளப் போதகர் ஒருவரோடு பழக்கமானார். அவருடைய ஊர் சிந்துபால்சோக் மாவட்டத்தில், மலைக்கு மேலே. 2015 நிலநடுக்கத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. உங்கள் இளையோர் சிலரை இரண்டு வாரத்துக்கு அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். விமான ரிக்கெற் செலவில் ஒரு பகுதியைத் தருவதாகக் கொழும்புச் சபை ஒன்று சொல்கிறது. மிச்சத்தை நாங்கள் சேர்க்க வேண்டும்.

எனக்குப் போக நல்ல விருப்பம். ஆனால் வீட்டில் அம்மா ஒரு கேள்வி கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. "இவ்வளவு காலமும் எங்களைத்தான் மற்ற ஆக்கள் வந்து பார்த்தவை. நீங்கள் போய் அந்தச் சனத்துக்கு என்னத்தைச் செய்யப் போறீங்கள்?"

இதற்கு முன் இப்படிப் போனவர்கள், வன்னிக்கு வந்த குழுக்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் மனம் திறந்து சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பிரயோசனமாக ஏதாவது செய்ய முடியுமா? நேபாளத்தில் மதமாற்றச் சட்டம் கடுமை என்கிறார்கள், அதையும் அறிய வேண்டும். இப்போதைக்கு எங்கள் திட்டத்தில் சிறுவர் நிகழ்ச்சி, நாடகம், ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போவது, வீடு வீடாக ஜெபம் எல்லாம் இருக்கின்றன.

ரொறன்ரோ_முல்லை

தங்கச்சி, கட்டாயம் போங்கள். நான் முல்லைத்தீவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவன். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் சபைக் குழுவோடு வன்னிக்கு வந்தேன். பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் புதுக்குடியிருப்புப் பக்கம் வரும்போது இரண்டு பக்கமும் கூரை இல்லாத வீடுகள். அந்தப் பயணம் இல்லாவிட்டால் ஊர் எனக்குப் படத்தில் பார்த்த இடமாகவே இருந்திருக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினோம், பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பைகள் கொடுத்தோம். அன்றைக்குச் சந்தித்த ஒரு பிள்ளையின் படிப்பை இன்றைக்கும் நான்தான் பார்க்கிறேன்.

இரண்டு வாரம் குறைவு என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். போய்ப் பார்த்தவன்தான் பிறகு நிற்பான். நாடகமும் சிறுவர் நிகழ்ச்சியும் எந்த நாட்டிலும் எடுபடும்.

விசுவமடு_அக்கா

பிள்ளை, நான் ஒரு போதகரின் மனைவி. யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலில் ஆராதனை தொடங்கின காலம் முதல் எங்கள் வளவுக்கு எத்தனையோ குழுக்கள் வந்துவிட்டன. அவர்களை வைத்துப் பார்த்த ஆளாக நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை யோசித்து வந்தவர்கள் குறைவு. வெளிநாட்டுக் குழுக்கள் வருவது பெரும்பாலும் ஆடி ஆவணியில், அவர்களுடைய விடுமுறைக்கு. எங்களுக்கு அது கிணறு வற்றுகிற காலம். குளிக்க, கழுவ, மலசலகூடத்துக்கு என்று பன்னிரண்டு பேருக்கான தண்ணீரையும் வாளியால் அள்ள வேண்டும். எங்களுக்கு விசேஷமாக ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒருவருக்கு உறைப்பு ஆகாது, இன்னொருவர் மீன் தொடமாட்டார். வந்த விருந்தாளிக்கு வெறும் சோறும் பருப்பும் போட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? கோழி வாங்குவோம், முல்லைத்தீவில் இருந்து மீன் எடுப்பிப்போம். எல்லாம் கடைக் கொப்பியில் ஏறும். ஒருமுறை ஒரு குழு போன பிறகு அந்தக் கொப்பிக் கணக்கை அடுத்த நெல்லு விற்றுத்தான் கட்டி முடித்தோம். அந்தக் குழு சபைக்கு நல்ல ஒலிபெருக்கி ஒன்று தந்துவிட்டுப் போனது. நாங்கள் அவர்களிடம் ஒலிபெருக்கி கேட்கவில்லை.

இன்னொன்று, அவர்கள் இருக்கும் மட்டும் எங்கள் சொந்த வேலை எல்லாம் நின்றுவிடும். செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபம், ஆஸ்பத்திரிச் சந்திப்பு, தையல் வகுப்பு, ஒன்றும் நடக்காது. போதகர் வாகனம் பிடிக்கவும் மொழிபெயர்க்கவுமே ஓடித் திரிவார்.

ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரிச் சொன்னால் அது நியாயம் இல்லை. மலையகத்தில் இருந்து இரண்டு அக்காமார் வந்தார்கள், ஹற்றன் பக்கம், இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். அரிசியும் கருவாடும் தங்கள் பையிலேயே கொண்டுவந்தார்கள். வந்த அன்று பின்னேரம், "நாளைக்கு நீங்கள் எங்கே போவீர்களோ அங்கே நாங்களும் வருகிறோம்" என்றார்கள். அடுத்த நாள் நான் போக இருந்தது மகனைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கிற ஒரு தாயின் வீட்டுக்கு. போனோம். அவர்கள் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மா கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் பக்கத்தில் குந்தி, சாம்பலையும் பொச்சையும் எடுத்துத் தானும் விளக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வாய் திறந்து மகனைப் பற்றிக் கதைத்தார். அதுவரை எங்களிடம்கூடச் சொல்லாத விசயங்கள். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் அவரோடு போனில் கதைக்கிறார்கள்.

அதனால் நேபாளப் போதகரிடம் கேட்கும்போது அவருடைய மனைவியிடமும் கேளுங்கள். எத்தனை பேரைத் தாங்கலாம், எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எங்கே படுக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். சாப்பாட்டுச் செலவை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போகும்போது கொடுப்பதாக வைக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

நான் சைவன். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், பிறகு எழுதுவதுதான் நல்லது என்று பட்டது. பிள்ளை மனம் நோக வேண்டாம்.

இடம்பெயர்வு காலத்திலும் மீள்குடியேற்றத்திலும் கிறிஸ்தவ அமைப்புகள் எங்கள் சனத்துக்குச் செய்த உதவி பெரியது. சாப்பாடு கிடைத்தது, கொப்பி கிடைத்தது, காயப்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். யாரும் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் சில இடங்களில் உதவிக்குப் பின்னால் கூட்டத்துக்கு வா என்ற அழைப்பும் வந்தது. வராவிட்டால் அடுத்த முறை பெயர் பட்டியலில் இருக்காதோ என்று தாய்மார் பயந்தார்கள். நான் படிப்பித்த பிள்ளைகளின் வீடுகளிலேயே இதைக் கண்டேன். தகப்பன் இல்லாத வீடு, மூன்று பிள்ளைகள், கையில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் இருக்கிற ஒருத்தி ஒன்றுக்குத் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுக்கலாமா? அப்படி நடந்ததால் ஊருக்குள்ளே கோயில்காரர், சபைக்காரர் என்று ஒரு விரிசல் வந்தது. வந்த குழு போய்விட்டது. விரிசலோடு இருப்பவர்கள் நாங்கள்.

நேபாளத்திலும் நிலநடுக்கத்தில் வீடு இழந்த சனம் இருக்கும், ஏழைச் சனம் இருக்கும். வீடு வீடாகப் போய் ஜெபிப்பதாகத் திட்டம் வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் எங்களுக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

அக்கராயன்_பிள்ளை

சேர், நீங்கள் எழுதினதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. எங்கள் பெரியம்மா வீடு சைவம்தான், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோருமாகப் போவோம். நீங்கள் சொன்ன பயம் எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போவது நேபாளப் போதகர் கேட்டது இல்லை, நாங்களாக எழுதிச் சேர்த்தது. அதை எடுத்துவிடுகிறோம்.

விசுவமடு அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைக் கொப்பி என்றதும் "உண்மைதான்" என்றார்.

காத்மண்டு_தொடர்பு

நான் வவுனியா. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரண வேலைக்காக நேபாளம் போய்க் கொஞ்சக் காலம் அங்கே இருந்தேன். சட்டத்தைப் பற்றிக் கேட்டபடியால் அதை முதலில் சொல்கிறேன்.

2015இல் வந்த நேபாள அரசியலமைப்பின் 26ஆவது உறுப்புரை, ஒருவரை இன்னொரு மதத்துக்கு மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2017இல் நிறைவேறி 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அதற்கு ஐந்து வருடம் வரை சிறையும் 50,000 நேபாள ரூபா வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்து நாடு கடத்துவார்கள். ஒருவர் தன் மதத்தைக் கைக்கொள்வதும், சபையில் கூடி ஆராதிப்பதும் குற்றம் இல்லை. இன்னொருவரை மாற்ற முயற்சிப்பதுதான் குற்றம். ஆனால் அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்பதை முறைப்பாடு கொடுக்கிறவரும் பொலிசும்தான் முடிவு செய்வார்கள். துண்டுப்பிரசுரம், வீதியில் நாடகம், மற்ற மதத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டு, எல்லாமே முறைப்பாட்டில் போய் முடியலாம்.

இதில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது, நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதுதான். உங்களை அழைத்த போதகரும் மொழிபெயர்த்த தம்பியும் இடம் கொடுத்த வீட்டுக்காரரும் அங்கேயே இருப்பார்கள். பொலிஸ் அவர்கள் வாசலுக்குத்தான் வரும். ஆகவே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அடுத்தது, சிறுவர் இல்லம். திட்டத்தில் இருந்து அதை எடுத்துவிடுங்கள். நேபாளத்தில் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பிக்கிறோம் என்று மலைக் கிராமங்களில் இருந்து தரகர்கள் கூட்டிவந்த பிள்ளைகள் நிறையப் பேர். வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்துக் காசு கொடுக்கிறபடியால்தான் அப்படியான இல்லங்கள் பல நடக்கின்றன. நிலநடுக்கத்துக்குப் பிறகு பிள்ளைகளை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோவதற்கு அரசாங்கமே கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. பாட்டுப் பாடி, தூக்கிக் கொஞ்சி, படம் எடுத்துவிட்டு நீங்கள் வருவீர்கள். அடுத்த மாதம் இன்னொரு குழு வந்து அதையே செய்யும். அந்தப் பிள்ளைக்கு அது நல்லது இல்லை.

சபையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், போவதற்கு முன் தெரிந்திருந்தால் நல்லது. அங்கே வாராந்த விடுமுறை சனிக்கிழமை என்றபடியால் ஆராதனையும் சனிக்கிழமைதான். 2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. மத்தியானத்துக்குச் சற்று முன் நிலம் ஆடினபோது பல சபைகளில் சனம் ஆராதனையில் இருந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். எங்கள் சுனாமியும் நத்தாருக்கு அடுத்த நாள், ஒரு ஞாயிறு காலையில்தான் வந்தது. முல்லைத்தீவில் இருந்து போகிற ஒருவருக்கு அந்தச் சனத்தோடு கதைக்க இது ஒன்றே காணும்.

சபைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருப்பார்கள். பல இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். "ஜெய் மசீஹ" (கிறிஸ்துவுக்கு ஜெயம்) என்று கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். இரண்டு நேரமும் பருப்பும் சோறும், எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் எச்சில் பட்ட கரண்டியையோ கோப்பையையோ மற்றவர் சாப்பாட்டில் வைத்துவிடாதீர்கள், அதைப் பெரிய விசயமாக எடுப்பார்கள்.

மடு_வீதி

சட்டம் என்று வந்தபடியால் ஒன்று கேட்கிறேன். நான் கத்தோலிக்கன். கோவாவில் இருந்து யோசேப்பு வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணம் வந்தபோது இங்கே ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அவர் கூலியாள் போல வேடம் போட்டு, மறைந்து திரிந்துதான் பணி செய்தார். சட்டத்துக்கு அடங்கியிருந்தால் எங்கள் சனத்துக்கு நற்கருணை கொடுக்க ஆள் இருந்திருக்காது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பின்னேரமே மடு மாதா கோயிலுக்கும் வந்தார். அப்படியென்றால், சட்டம் தடுத்தால் ஊழியமே செய்யக் கூடாதா?

காத்மண்டு_தொடர்பு

நல்ல கேள்வி அண்ணா. வாஸ் அடிகள் வந்தது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்து, குரு இல்லாமல் தவித்த சனத்திடம். பிடிபட்டால் அடியும் சிறையும் அவருக்கும்தான். கண்டியில் அவரை ஒற்றன் என்று சிறையிலும் வைத்தார்கள். தமிழ் படித்தார், சிங்களம் படித்தார், 1711இல் கண்டியிலேயே இறந்தார். திரும்பிப் போகவில்லை. அப்படி ஆயுள் முழுவதும் கொடுக்கிறவர், ஆபத்தைத் தன் தலையில் எடுக்கிறவர், சட்டத்தை மீறுவது வேறு. திரும்பும் ரிக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுலா விசாவில் போகிறவர் மீறுவது வேறு. ஆபத்தில் பெரும் பங்கு வீட்டுக்காரருக்கு.

நேபாளச் சபையின் கதையையும் பாருங்கள். 1951 வரை அந்த நாடு வெளியாருக்கு மூடிக் கிடந்தது. 1954இல் ஐக்கிய நேபாள மிஷன் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்து ஆஸ்பத்திரியும் பாடசாலையும் நடத்தத் தொடங்கியது. மதம் மாற்றுவதில்லை என்பது நிபந்தனை. சபையை நடத்தினது, சிறைக்குப் போனது எல்லாம் நேபாளிகள். 2021 குடிசன மதிப்பீட்டில் கிறிஸ்தவர்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல். வெளிநாட்டுக் குழு போய்ப் பிரசங்கித்தால்தான் அங்கே ஏதாவது நடக்கும் என்று நினைக்கத் தேவையில்லை.

மடு_வீதி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆபத்து யாருக்கு என்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது நியாயம்.

கமக்காரன்_முத்தையன்கட்டு

நான் நேரே கேட்கிறேன். அந்த ரிக்கெற் காசுக்கு இங்கே வேலை இல்லையா? எங்கள் ஊரில் நுண்கடன் எடுத்த பெண்கள் கிழமைக் கட்டுக்காசுக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கிறார்கள். சபைக்குள்ளேயே அப்படி ஆட்கள் இருப்பார்கள். நேபாளப் போதகருக்குக் காசை அனுப்பினால் அவரே தன் சனத்துக்குச் செய்துவிடுவார். ஆள் போகத் தேவை இல்லை.

விசுவமடு_அக்கா

தம்பி, நுண்கடன் கொடுமை எங்கள் சபையிலும் இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பயணம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசு மட்டும் வந்த காலமும் எனக்குத் தெரியும். ஹற்றன் அக்காமார் காசு ஒன்றும் கொண்டுவரவில்லை. எங்களுக்கு எல்லாக் காலமும் வாங்குகிற கை மட்டும்தான் இருக்க வேண்டுமா? எங்கள் பிள்ளைகளை ஒருவர், எங்களிடம் வாருங்கள், நீங்கள் வேண்டும் என்று கூப்பிடுகிறார். இவ்வளவு வருடத்தில் எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த அழைப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. எத்தனை பேர் போவது என்பதைக் குறையுங்கள், செலவு குறையும்.

மாங்குளம்_தாதி

நான் ஒரு மருத்துவத் தாதி. பிரயோசனமாக இரண்டு வாரத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

எறிகணைத் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் காயம் இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். வெளிநாட்டில் இருந்து வந்த மருத்துவ முகாம்கள் பலவற்றில் நான் நின்றிருக்கிறேன். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேருக்குப் பனடோலும் விற்றமினும் கொடுப்பார்கள். அதே மாத்திரை எங்கள் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. வந்த மருத்துவர் பிரஷர் மருந்தை மாற்றி எழுதிவிட்டுப் போவார், அடுத்த கிளினிக்கில் அது பெரிய குழப்பம். வெளிநாட்டு மருத்துவர் இங்கே வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும் என்பதைக்கூடச் சிலர் யோசிப்பதில்லை.

ஆனால் ஒருமுறை இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ற்) ஒருவர் வந்தார். அவர் முகாம் போடவில்லை. எங்கள் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு எங்களோடு வந்து, தாய்க்கும் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. சக்கர நாற்காலியில் இருந்தால் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிவிடுவது. நீளப் பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றைக் காலையிலும் இரவிலும் பின்பக்கம் பிடித்து, இடுப்பெலும்பு, குதிக்கால் எல்லாம் காயப்பட்டவரே பார்ப்பது. எங்கள் கறுத்தத் தோலில் சிவப்பு இலேசில் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலை விடச் சூடா, கல்லு மாதிரி இறுக்கமா என்று பார்க்கச் சொன்னார். அப்படி இருந்தால் அது ஆறும் வரைக்கும் அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. கண்ணாடியைச் சந்தையில் வாங்கி, தடியில் கட்டித்தான் செய்தோம்.

அவர் போன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை, ஏனென்றால் தாய்மாருக்கு அது கைவந்துவிட்டது. புதிதாக ஒருவர் வந்தால் அந்தத் தாய்மாரே போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகவே பிள்ளை, போகிற உங்கள் எல்லோருக்கும் கையில் என்ன வேலை தெரியும் என்று பாருங்கள். தெரியாத வேலையை அங்கே போய்ச் செய்ய வேண்டாம். மருந்து ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், உங்கள் சொந்த மருந்தைத் தவிர.

ரொறன்ரோ_முல்லை

எல்லோருடைய பதிவையும் வாசித்தேன். ஒரு விசயத்தில் நான் நிற்கிறேன். இவ்வளவு நிபந்தனை போட்டால் பயந்து யாரும் எங்கேயும் போகமாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே ஊரை விட்டு விலகிப் போகிறார்கள். ஒரு குழு வந்து போனதால்தான் அவர்களில் சிலருக்குத் தமிழ் கதைக்க ஆசை வந்தது, அம்மம்மாவிடம் போய் ஊர்க் கதை கேட்டார்கள். அதுவும் ஒரு பலன்தானே.

விசுவமடு_அக்கா

தம்பி, அது பலன்தான். நீங்கள் அந்தப் பிள்ளையைப் படிப்பிப்பதும் பெரிய காரியம், கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், வரட்டும். உறவு பார்க்க வருகிறோம் என்று சொல்லி வரட்டும். எங்களோடு இருந்து, எங்கள் சபையில் பாடி, வயலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். எங்களுக்குச் சந்தோசம். எங்களை இரட்சிக்க வருகிறோம் என்று பதாகை கட்டிக்கொண்டு வரும்போதுதான் மனம் கூசுகிறது. பதினெட்டுத் தரம் இடம்பெயர்ந்தும் ஆராதனையை விடாத சபைகள் இங்கே இருக்கின்றன.

நிபந்தனை என்று நினைக்காதீர்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது பணப்பையும் வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்றார். ஒரு வீட்டில் தங்கி அவர்கள் வைப்பதைச் சாப்பிடச் சொன்னார், வீட்டுக்கு வீடு மாற வேண்டாம் என்றார். அவர்களும் குறுகிய காலத்துக்குத்தான் போனார்கள். போனவர்கள் அந்த வீட்டுக்காரரை நம்பித்தான் போனார்கள்.

அக்கராயன்_பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு போதகரும் நானும் நேபாளப் போதகரோடு வட்ஸ்அப்பில் கதைத்தோம், அவருடைய மனைவியும் இருந்தார். உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டோம். சிறுவர் நிகழ்ச்சி வேண்டாம், அதை எங்கள் பிள்ளைகளே செய்வார்கள் என்றார். நாடகமும் வேண்டாம். அவருடைய சபையில் இளம் ஆண்கள் பலர் கட்டாரிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது பெண்களும் வயதானவர்களும். நிலநடுக்கத்தில் பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். வருடங்கள் போன பிறகும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லையாம். எங்கள் சனத்துக்கு என்ன நடந்தது என்று எங்கள் போதகர் இந்தியாவில் சொன்னதைக் கேட்டுத்தான் அவருக்கு இந்த எண்ணமே வந்தது. "இளையோர் வருவது நல்லது, ஆனால் அதைத் தாங்கி வாழ்ந்த பெரியவர்கள் இரண்டு பேர் வருவார்களா?" என்று அவருடைய மனைவி கேட்டார். நாலு பேருக்கு மேல் வேண்டாம், தண்ணீர் தூரத்தில் இருந்துதான் சுமக்கிறோம் என்றும் அவரே சொன்னார்.

அதனால் குழுவை மாற்றிவிட்டோம். நானும் இன்னொரு தம்பியும், அவன் தச்சு வேலை செய்கிறவன். எங்களோடு சபையில் இரண்டு அம்மாமார். அதில் ஒருவர் 2009 இறுதி யுத்தத்தில் மாத்தளன் வரைக்கும் போய் வந்தவர், இப்போது மாதர் சங்கத்தில் சேமிப்புக் குழு நடத்துகிறார். கேட்டவுடன் "நானா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். என் அம்மாவுக்கும் இப்போது மறுப்பு இல்லை.

எந்த மாதம் போவது என்று சொல்லுங்கள். எங்களுக்குக் காலபோக நெல் அறுவடை முடிய வேண்டும்.

காத்மண்டு_தொடர்பு

அப்படியென்றால் அறுவடை முடித்து, பங்குனி மாதம் போங்கள். மழைக்காலம் தொடங்கியிருக்காது. ஜூனில் இருந்து செப்ரெம்பர் வரைக்கும் அங்கே மழை, சிந்துபால்சோக்கில் மண்சரிவு அதிகம், 2014 ஆகஸ்டில் ஒரு சரிவில் மட்டும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். பங்குனியிலும் மலையில் இரவு குளிரும், இரண்டு அம்மாமாருக்கும் கம்பளிச் சட்டையும் காலுறையும் கட்டாயம். காத்மண்டுவே 1,400 மீற்றர் உயரம். வந்த அன்றே மலை ஏறாமல் இரண்டு நாள் ஆறி, பிறகு போங்கள். சார்க் நாட்டுக்காரர் என்றபடியால் வருடத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம். போவதற்கு முன் ஒருமுறை தூதரகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தமிழில் இருந்து ஆங்கிலம், ஆங்கிலத்தில் இருந்து நேபாளி என்று இரண்டு கை மாறித்தான் பேச்சுப் போகும். ஆகவே அம்மாமாரைச் சின்னச் சின்ன வசனமாகக் கதைக்கச் சொல்லுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

அக்கராயன்_பிள்ளை

இன்னொரு சிக்கல். சேமிப்புக் குழு அம்மாவிடம் கடவுச்சீட்டு இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் 2009இல் பங்கருக்குள்ளேயே போய்விட்டது. அடையாள அட்டை மட்டும் பிறகு எடுத்திருக்கிறார். யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா?

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

தெரியும். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மாருக்காக நிறையத் தரம் போயிருக்கிறேன். முதலில் அவர் பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய், பதிவுப் புத்தகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள், அடையாள அட்டையின் பிரதியும் வேண்டும். பதிவு இருந்தால் புதுப் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லை என்றால் உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும், நாளும் எடுக்கும், ஆகவே இப்போதே தொடங்குங்கள். அது கையில் வந்த பிறகு வவுனியா அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்குக் கொடுக்கலாம்.

அம்மா எந்த ஊரில் பிறந்தவர்? முல்லைத்தீவு மாவட்டம் என்றால் சொல்லுங்கள். அடுத்த கிழமை எனக்கு லீவு இருக்கிறது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.